பல்கலைக்கழகத்தின் இணைய வாயில்

தேர்வுக் கட்டணம் செலுத்த இன்றே கடைசி நாள் என்பது ஒரு மாணவிக்கு மாலையில்தான் தெரிய வருகிறது எனக் கொள்வோம். கைப்பேசியில் பல்கலைக்கழக இணையதளத்தைத் திறக்கிறாள். வளாகத்தின் வண்ணப்படங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நகர்கின்றன. துணைவேந்தரின் வாழ்த்துரை வருகிறது. பட்டமளிப்பு விழாச் செய்தி வருகிறது. கட்டணம் செலுத்தும் பக்கம் மட்டும் அகப்படவில்லை. இத்தகைய தளத்தை மாற்றியமைக்கத் திட்டமிடுவோர் முதலில் கேட்க வேண்டிய வினா, ‘எந்த நிறம் அழகு?’ என்பதன்று, ‘இங்கு வருவோர் எதைத் தேடி வருகின்றனர்?’ என்பதே.

அமெரிக்கச் சித்திரக்காரர் ராண்டல் மன்ரோ, 2010இல் ‘எக்ஸ்கேசிடி’ என்னும் தம் இணையச் சித்திரத் தொடரில் இதனை இரண்டு வட்டங்களால் காட்டினார். பல்கலைக்கழக முகப்புப் பக்கத்தில் இருப்பவை ஒரு வட்டம். மக்கள் தேடி வருபவை மற்றொரு வட்டம். முதலாவதில் வளாகப் படக்காட்சியும் தலைவரின் மடலும் செய்தி வெளியீடுகளும் இருந்தன. இரண்டாவதில் விண்ணப்பப் படிவம், கல்வி நாட்காட்டி, ஆசிரியர்களின் தொலைபேசி எண்கள், பயன்படத்தக்க வரைபடம் ஆகியவை இருந்தன. இரு வட்டங்களுக்கும் பொதுவாக இருந்தது ஒன்றே: நிறுவனத்தின் முழுப்பெயர்! பல்கலைக்கழக அலுவலர் எத்தனை பேர் இதற்குச் சிரித்தனரோ!

வட்டங்கள் விலகி நிற்பதற்குக் காரணம் உண்டு. தளத்தின் பகுப்பு பெரும்பாலும் அலுவலகத்தின் பிரிவுகளைப் பின்பற்றியே அமைகிறது. கட்டணம் நிதிப் பிரிவைச் சேர்ந்ததா, தேர்வுப் பிரிவைச் சேர்ந்ததா என்பதைப் புதிதாகச் சேர்ந்த மாணவர் எவ்வாறு அறிவார்? இதனைச் சீர்செய்ய எளிய முறை ஒன்று உள்ளது. ‘விடுதி விண்ணப்பம்’, ‘மறுமதிப்பீடு’, ‘மாற்றுச் சான்றிதழ்’ எனத் தளத்தின் உள்ளடக்கங்களைத் தனித்தனி அட்டைகளில் எழுதி மாணவர்களிடம் கொடுப்பர். அவர்கள் தமக்குப் பொருத்தமாகத் தோன்றுமாறு அவற்றை அடுக்கி, ஒவ்வோர் அடுக்குக்கும் பெயரிடுவர். அலுவலர் கனவிலும் எண்ணாத தலைப்புகள் அப்போது தோன்றும். கணினியே இல்லாமல் இப்பணியைச் செய்யலாம் என்பது இதன் சிறப்பு.

பார்வையற்ற மாணவரின் நிலை வேறு. திரையில் உள்ள எழுத்துகளைத் திரைவாசிப்பான் என்னும் மென்பொருள் அவருக்குப் படித்துக் காட்டும். ஆனால் கையொப்பமும் முத்திரையும் இட்ட சுற்றறிக்கையை ஒளிப்படமாக்கி அப்படியே ஏற்றிவிட்டால், அங்கே எழுத்துகள் இல்லை, படமே உள்ளது. உதவித்தொகைக்கான கடைசி நாள் அவருக்குத் தெரியாமலே கடந்துவிடும். தகவல்கள் எல்லோருக்கும் எட்டுமாறு அமைதல் வேண்டும் என்பது, மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016இன்படி, அவரது உரிமையாகும். ஆகவே இதனைத் திட்டத்தின் தொடக்கத்திலேயே சேர்த்தல் வேண்டும். தளம் முடிந்தபின் ஒட்டுப்போட இயலாது.

புதிய தளம் திறக்கும் நாளில் பழைய இணைப்புகள் அறுபடுவதும் உண்டு. நல்ல இணைய முகவரிகள் மாறுவதில்லை என்று வையவிரி வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ 1998இலேயே வலியுறுத்தினார். அச்சிட்ட சேர்க்கைக் கையேட்டில் உள்ள முகவரியைத் தட்டச்சு செய்பவர் வெற்றுப் பக்கத்தைக் காணாதிருக்க, பழைய முகவரி ஒவ்வொன்றையும் புதியதற்குத் திருப்பிவிடும் பட்டியலை முன்னரே ஆயத்தம் செய்தல் வேண்டும்.

செயல்பாடு

உம் பள்ளி இணையதளத்தில் பெற்றோர் தேடக்கூடிய பத்துச் செய்திகளை அட்டைகளில் எழுதுக. தோழர் இருவரிடம் தனித்தனியே கொடுத்து அடுக்கச் செய்க. இருவரும் எங்கு வேறுபட்டனர் என்பதை ஐந்து வரிகளில் எழுதுக.