மட்டையும் ராக்கெட்டும்: இளையோருக்கு ஏழு சொல்

வார நாளில் வேலை, விடியற்காலையில் ஷட்டில், ஞாயிற்றுக்கிழமை கிரிக்கெட். காசுக்காக இல்லாமல் இரண்டையும் ஆட வரும் தம்பி தங்கைகளுக்கு, இவற்றிலேயே நரை கண்ட அண்ணன் சொல்பவை இவை.

1. நேரத்துக்கு வாருங்கள். நமக்குச் சம்பளம் கிடையாது, அதட்டிக் கூப்பிடவும் ஆளில்லை. ஒருவர் வராவிட்டால் டபுள்ஸில் மற்ற மூவரின் காலைப்பொழுதும் போய்விடும். கிரிக்கெட்டில் பத்துப் பேர் பதினொருவர் வேலையைச் செய்து களைப்பார்கள்.

2. இரண்டு பிடியையும் தனித்தனியே பழகுங்கள். ஸ்ட்ரெய்ட் டிரைவுக்கு மேல்கை இறுகி, முழங்கை உயர வேண்டும். ஷட்டிலில் பிடி தளர்ந்தே இருக்கும். இறகைத் தொடும் நொடியில் மட்டும் விரல்கள் இறுகும். காலையில் கோர்ட்டில் ஆடியவர் அதே கையோடு மட்டையெடுத்தால் மணிக்கட்டைச் சொடுக்குவார், பந்து ஸ்லிப்புக்குப் போகும். முதலில் கொஞ்ச நேரம் நேர்மட்டையில் தடுத்தாடிவிட்டு, பிறகு அடியுங்கள்.

3. பந்து வீசுபவர்கள் தோளைக் காப்பாற்றுங்கள். பௌலிங்குக்கும் ஸ்மாஷுக்கும் உழைப்பது ஒரே தோள். மேட்ச்சுக்கு முந்தைய நாள் டிராப், நெட் ஆட்டம் போதும். தூக்கத்தைக் கெடுக்கிற வலி வந்தால் தைலத்தோடு நிற்காமல் மருத்துவரைப் பாருங்கள்.

4. கால் விஷயத்தில் ஒன்று மற்றதற்கு உதவும். எதிராளி அடிக்கும் நொடியில் கோர்ட்டில் போடும் சின்னத் துள்ளலை பாயிண்டில் நிற்கும்போதும் போடுங்கள்; எந்தப் பக்கமும் பாயலாம். ஷூ மட்டும் வேறு வேறு. தடித்த குதி வைத்த ஓட்ட ஷூவோடு கோர்ட்டில் இறங்கினால் கணுக்கால் பிசகும்.

5. சாமான்களைக் கவனியுங்கள். புது மட்டையின் முகத்திலும் ஓரத்திலும் ஆளிவிதை எண்ணெயை மெல்லப் பூசி, காயவிட்டு, மரச்சுத்தியலால் பொறுமையாகத் தட்டிப் பதப்படுத்துங்கள். கைப்பிடி சேரும் இடத்தில் எண்ணெய் படக்கூடாது. ஷட்டிலில் 16 இறகுகள். எடை ஏறக்குறைய 5 கிராம். காய்ந்த இறகு சட்டென முறியும். முந்தின இரவே குழாயின் இருபக்க மூடியையும் கழற்றி, கெட்டில் ஆவியைச் சில நொடிகள் உள்ளே விட்டு ஆறவையுங்கள்.

6. இரண்டும் மோதினால் முன்கூட்டியே முடிவெடுங்கள். 1934-இல் சேப்பாக்கத்தில் ரஞ்சிக் கோப்பையின் முதல் பந்தை வீசிய எம்.ஜே. கோபாலன் ஹாக்கியிலும் இந்தியாவுக்கு ஆடியவர். 1936-இல் பெர்லின் ஒலிம்பிக்கை விட்டுவிட்டு, கிரிக்கெட் அணியோடு இங்கிலாந்து போனார். அங்கே ஒரு டெஸ்ட்டும் கிடைக்கவில்லை. ஹாக்கி அணியோ தங்கம் வென்றது. எதைத் தேர்ந்தாலும் மற்றது கைநழுவும் என்று தெரிந்தே தேருங்கள். அதே சுற்றுப்பயணத்தில், 1922-இலேயே டேவிஸ் கோப்பை டென்னிஸ் ஆடிவிட்ட கோட்டா ராமசாமி, 40 வயதில் முதல் டெஸ்ட் ஆடி 40, 60 என ரன் எடுத்தார். ஆகவே வயதைச் சொல்லி எதையும் அவசரமாக விட்டுவிடாதீர்கள்.

7. உங்களுக்கு எதிராக நீங்களே தீர்ப்புச் சொல்லப் பழகுங்கள். நம் ஆட்டங்களில் பேட்டிங் அணிக்காரரே அம்பயராக நிற்பார். கோட்டைப் பார்ப்பதும் ஆடுபவரே. ஷட்டில் கோட்டைத் தொட்டால் உள்ளே என்று உரக்கச் சொல்லுங்கள். சொந்த அணிக்காரர் அவுட் என்றால் விரலைத் தூக்குங்கள். கண்காணிக்க ஆளில்லாத ஆட்டத்தில் நேர்மையை ஆடுகிறவர்தான் கொண்டுவர வேண்டும். அப்படிப்பட்டவருக்கு எந்த அணியிலும் இடம் உண்டு.