குருளைக்கு முதற் பாடம்

நாய், பன்றி, புலி, முயல் என்னும் நான்கன் இளமைக்கும் குருளை என்பது பெயர் எனத் தொல்காப்பிய மரபியல் கூறும். அவற்றைக் குட்டி என வழங்கலும் ஆண்டு விலக்கப்படவில்லை. ஆகலின் நாய்க்குட்டி எனினும் நாய்க்குருளை எனினும் இழுக்கில்லை என்க. ஒரு பொருளின் பெயரும் மரபும் அறிந்த மாத்திரத்தே அப்பொருளையே அறிந்துவிட்டதாக எண்ணுதல் நூல் பயில்வார்க்கு எளிதின் நேரும் பிழை. யாமும் அப்பிழைக்கு உட்பட்டோம். அதனால் ஓர் உயிர் மாண்டது. இக்கட்டுரை எழுதப் புகுந்தது அதுபற்றியே.

யாம் உயர்நிலைப் பள்ளியிற் பயின்ற காலத்தே எம் இல்லத்திற்குச் செவலைக் குருளை ஒன்று வந்தது. மணி என்று பெயரிட்டோம். எம் ஊர் தாமிரபரணிப் பாசனத்தில் வாழைத் தோட்டங்களுக்கு நடுவே உள்ளது. வீட்டு வாயிலை ஒட்டியே பெருஞ்சாலை செல்கின்றது. மணி செருப்பைக் கடித்துக் குதறும். அடுக்களையுட் புகுந்து கருவாட்டைக் கவ்வும். அப்பொழுதெல்லாம் யாம் “மணி, வா!” என்று அழைப்போம். அது வாலைக் குழைத்துக்கொண்டு வரும். வந்தவுடன் கடித்த செருப்பாலேயே அடிப்போம். குற்றஞ் செய்தாரை அழைத்துத் தண்டித்தல் முறைதானே என்பது எம் எண்ணம். ஒருநாள் மாலை அது சாலையின் மறுபக்கம் நின்றுகொண்டிருந்தது. வாழைத்தார் ஏற்றிய லாரி ஒன்று வளைவில் வரக் கண்டு, “மணி, வா!” எனக் கூவினோம். நான்கடி ஓடிவந்த குருளை, நடுச்சாலையில் நின்று எம் முகத்தைப் பார்த்தது. வாலைக் காலிடையே ஒடுக்கிற்று. பின் அங்கேயே படுத்துவிட்டது. அதன்மேல் நிகழ்ந்ததை விரித்துரைக்க எம் மனம் ஒருப்படவில்லை.

அது சொற்பொருள் அறியாமையால் மாண்டதன்று, அறிந்தமையாலேயே மாண்டது. ‘வா’ என்னும் சொற்கு ‘அடி’ என்று பொருள் கற்பித்தவர் யாமே.

சென்ற கோடை விடுமுறையில் வேறொரு குருளை இல்லம் புகுந்தது. நாட்டு நாயின் குட்டி, இரண்டு திங்கள் நிரம்பியது, கரிய நிறம், கறுப்பன் எனப் பெயர். இம்முறை யாம் முன்னரே சிறிது கற்றுக்கொண்ட பின்னரே கற்பிக்கத் துணிந்தோம்.

நாய் எங்ஙனம் கற்கின்றது என்பதை முதற்கண் நோக்குவோம். ருஷ்ய நாட்டு உடலியல் அறிஞர் இவான் பாவ்லாவ் 1904-ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்றது செரிமானத்தைப் பற்றிய ஆராய்ச்சிக்காகவே. அவ்வாராய்ச்சிக்கிடையில் நாய்கள் உணவு வாயிற்படுமுன்பே, அதனைக் கொணர்வார் வருகையை உணர்ந்த அளவிலேயே, உமிழ்நீர் சுரத்தலை அவர் கண்டார். ஒன்றன்பின் ஒன்றாக இடையீடின்றி வருவனவற்றை நாய் இணைத்துக்கொள்ளும் என்பது இதனாற் பெறப்படும். அமெரிக்க உளநூலார் எட்வர்டு தார்ண்டைக், பூனைகளைப் பெட்டிகளில் அடைத்து அவை வெளியேறும் வகையை ஆராய்ந்து 1898-இல் வெளியிட்டார். இன்பம் பயந்த செயலை உயிர்கள் மீண்டும் செய்யும். துன்பம் பயந்ததைக் கைவிடும் என்பது அவர் பின்னர் வகுத்த விதி. இவ்விரண்டையும் மணியின் வரலாற்றோடு பொருத்திப் பார்மின். அடி விழுந்த நொடிக்கு முன்னர் அது செய்தது யாது? செருப்பைக் கடித்ததன்று, அழைத்தபடி வந்ததே. கடித்தது கால்நாழிகைக்கு முந்திய செய்தி. அதனையும் அடியையும் இணைத்துணரும் ஆற்றல் அதற்கில்லை. ஆகவே பரிசாயினும் கண்டிப்பாயினும் செயலை ஒட்டி, ஒரு நொடி இரு நொடிக்குள் வருதல் வேண்டும். தவறினால் நாம் கருதிய பாடம் ஒன்று, குருளை கற்ற பாடம் வேறொன்றாகும்.

நாயினம் ஓநாயினத்தின் வழியது. ஓநாய்க் கூட்டத்தில் வலியது தலைமை பூண்டு ஏனையவற்றை அடக்கும். ஆதலின் நாமும் அடக்கி ஆளல் வேண்டும் என்பார் பலர். அக்கொள்கை, கட்டுக்காவலில் ஒன்றுக்கொன்று உறவில்லாத ஓநாய்களைச் சேர்த்து வைத்துக் கண்டதனால் எழுந்தது. காட்டு ஓநாய்களைப் பல்லாண்டு ஆராய்ந்த டேவிட் மெக் என்பார், இயல்பான கூட்டமென்பது தாய் தந்தையரும் மக்களுமாகிய குடும்பமே என்று 1999-இல் எழுதினார். கோலைக் கையிலெடுப்பார்க்கு ஓநாயும் சான்று தரவில்லை.

இனிப் பருவம். 1961-ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளிவந்த ஆராய்ச்சியொன்றில், வேலி சூழ்ந்த வெளியில் மனிதர் பழக்கமின்றி வளர்க்கப்பட்ட குருளைகள், பதினான்கு வாரம் கடந்த பின்னர் மனிதரைக் கண்டு அஞ்சி விலகினவென்றும், அவ்வச்சத்தைப் போக்குதல் அரிதாயிற்றென்றும் கூறப்பட்டது. பிறந்த மூன்றாம் வாரம் முதல் பன்னிரண்டு அல்லது பதினான்காம் வாரம்வரை உள்ள காலமே மனிதர், ஓசை, வண்டி, குடை, பிற விலங்கு என்பவற்றோடு நட்புக் கொள்ளுதற்குரியது. ஆயின் தடுப்பூசிகள் முற்றுப்பெறாத அக்காலத்தே தெருவில் இறக்கி நடத்தினால் நோய் பற்றும். கறுப்பனைத் தோளில் ஏந்தியவாறே சந்தைக்கும் பேருந்து நிலையத்திற்கும் கொண்டுசென்றோம். ஊரார் நகைத்தனர். வெறிநாய்க்கடி நோய்க்குரிய ஊசி மூன்று திங்கள் அளவில் இடப்பெறும். அதனை எக்காரணத்தாலும் தவிர்த்தலாகாது. குருளையின் பல் விளையாட்டாகப் பட்டுக் கீறினும் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் கால்மணி நேரம் கழுவி மருத்துவரிடம் செல்லல் கடன்.

தமிழ் பயில்வார்க்குச் சுவை தருவது ஏவற்சொற்களைப் பற்றிய செய்தி. அதனைச் சற்று விரிப்போம். நம்மூரில் ஆங்கிலம் ஒரு சொல்லும் அறியாத இல்லத்தாரும் நாயிடம் மட்டும் ‘சிட்’, ‘கம்’ என்று ஆங்கிலமே பேசுவர். இதன் காரணம் எமக்கு இன்றுவரை விளங்கவில்லை. தமிழ் ஏவல் வினையோ பகுதி மட்டில் நிற்பது. வா, நில், விடு என ஓரசை ஈரசையில் முடிவது. இதனினும் ஏற்றதொரு மொழி நாய்க்கு வேண்டுமோ! குறை மொழியில் இல்லை; நம் வாயில் உள்ளது. கறுப்பன் வந்த முதல்வாரத்தில் எம் வீட்டில் நிகழ்ந்ததைக் கேண்மின். தந்தையார் “வா” என்பார். தம்பி “ஏலே, இங்க வாலே” என்பான். ஆச்சி “வா ராசா, எஞ்செல்லம்” என நீட்டுவார். மதுரையிலிருந்து வந்த மாமா “கம் ஹியர்” என்று அதட்டுவார். குருளை நால்வர் முகத்தையும் மாறிமாறிப் பார்த்தது. நாம் ஒரு வினையின் திரிபுகள் என்று கொள்வன அதற்கு நான்கு வேறு ஓசைகளே. எனவே அடுக்களைச் சுவரில் ஒரு தாள் ஒட்டினோம்: வா, உட்கார், நில், விடு. இந்நான்கேயன்றி வேறு வழங்கலாகாது எனக் கட்டளை இட்டோம். இருத்தற்பொருளில் ‘இரு’ என்பதைக் கொள்ளலாமே எனத் தம்பி வினவினான். “இரு, வாரேன்”, “கொஞ்சம் இரு” என்று அச்சொல் நாள் முழுதும் வீட்டில் ஒலிக்கின்றது. பொருளின்றிக் கேட்ட சொல்லைக் குருளை செவிக்கொள்ளாது. ஆதலின் அதனை விலக்கினோம்.

ஏவலை அடுக்கிச் சொல்லலும் ஆகாது. “உட்கார், உட்கார், உட்கார்” என்று மும்முறை கூறினால், மூன்றாவதன் பின்னரே அமர்தல் வேண்டும் என்று குருளை கற்கும். அசைநிலைக்கும் பொருள்நிலைக்கும் அடுக்கு வரும் என்னும் இலக்கணம் அதற்குத் தெரியாது.

‘உட்கார்’ கற்பித்தல் எளிது. அவித்த முட்டையின் சிறு துண்டு, அல்லது அவித்த ஈரல் துணுக்கு, கடலையளவு போதும். (வெங்காயம், திராட்சை, சாக்கொலேட் இவை நாய்க்கு நஞ்சாவன, மிச்சமான சாம்பார்ச் சோற்றையும் இதனால் நிறுத்தினோம்.) துணுக்கை விரலிடையே பற்றி, மூக்கருகே நீட்டி, மெல்லத் தலைக்குமேற் பின்னோக்கிக் கொண்டுசெல்லல் வேண்டும். மூக்கு மேலெழப் பின்புறம் தானே தாழும். நிலந்தொட்ட அந்நொடியே “நன்று” என்று சொல்லித் துணுக்கைக் கொடுக்க. கையை மிக உயர்த்தினால் துள்ளும், குற்றம் கையினதே. பின்புறத்தை அழுத்தி அமர்த்துதல் வேண்டா. செயல் தவறாது நிகழத் தொடங்கிய பின்னரே அதற்குச் சற்று முன்னாகச் சொல்லைச் சேர்த்தோம். பொருள் முன், சொல் பின். குழவிக்கு நிலவைக் காட்டிப் பெயர் சொல்லும் முறையே இது. ஒரு தடவைக்கு மூன்று நான்கு நிமிடம், நாளொன்றுக்கு நான்கைந்து தடவை. அதற்குமேல் குருளையின் உள்ளம் ஓடிவிடும், எமதும் ஓடிவிடும்.

‘வா’ என்பதற்கு வந்தபோது எமக்கு நா எழவில்லை. ஒரு வாரம் அச்சொல்லை வீட்டில் ஒருவரும் உச்சரிக்காதிருந்தோம். பின்னர்ச் சோற்று வேளையில், கிண்ணத்தை வைக்கும்பொழுது மட்டும் “கறுப்பா, வா” என்றோம். அடுத்து, தம்பி ஒருபுறமும் யாம் ஒருபுறமுமாகக் கூடத்தில் ஆறடி இடைவெளியில் குந்தி, மாறிமாறி அழைத்து, வந்தவுடன் துணுக்கு அளித்துத் தடவிக்கொடுத்தோம். இடைவெளி பத்தடி, இருபதடி என வளர்ந்தது. முற்றத்தில் நீண்ட கயிறு கட்டி அழைத்தோம். கயிறு இழுத்தற்கன்று, ஓடாமற் காத்தற்கு. வாராதபோது துரத்தவில்லை, துரத்தினால் அஃது ஓடிப்பிடிக்கும் விளையாட்டென்று கருதும். எதிர்ப்புறம் நாமே ஓடினால் நம்மைத் துரத்திக்கொண்டு வரும். இவற்றிற்கெல்லாம் மேலாக ஒரு நியமம் கொண்டோம்: வந்த குருளைக்கு வந்ததன் பயனாகத் தீமை ஒன்றும் நேர்தலாகாது. குளிப்பாட்டவும், நகம் வெட்டவும், மருந்தூட்டவும் வேண்டின் அழையாமல் நாமே சென்று எடுத்துக்கொள்வோம். ஒருநாள் கறுப்பன் எம் இலக்கணக் குறிப்பேட்டின் வேற்றுமையியற் பகுதியைக் கிழித்துப் பரப்பிவிட்டு, அழைத்தவுடன் வாயில் ஒரு தாளோடு ஓடிவந்தான். எம் கை நடுங்கிற்று. “நன்று” என்று சொல்லித் துணுக்கைக் கொடுத்தோம். குறிப்பேட்டை மேசையிழுப்பறையுள் வையாதவர் யாமன்றோ?

இவ்விடத்து ஒன்று. இராசபாளைய நாய் போன்ற முழுவெண்ணிற இனங்களில் பிறவிச் செவிடு காணப்படுவதுண்டு. அழைத்தால் வாராத குருளையைப் பிடிவாதமுடையது என முடிவுசெய்யுமுன், அது காணாவண்ணம் பின்நின்று கைதட்டிப் பார்த்தல் வேண்டும். செவிடாயினும் கைக்குறியால் இவை யாவும் கற்பிக்கலாம். எவ்வேவலுக்கும் சொல்லினும் கையசைவையே நாய் விரைவிற் பற்றும்.

‘நில்’ என்பது முதலில் காலத்தால் நீளல் வேண்டும், பின்னர்த் தூரத்தால். இரண்டையும் ஒருங்கே நீட்டினால் கெடும். இரண்டு நொடி, ஐந்து நொடி, பத்து நொடி என்று எண்ணினோம். எழுந்துவிட்டால் கடிந்துகொள்ளாமல், எண்ணிக்கையைக் குறைத்து மீண்டும் தொடங்கினோம். ‘விடு’ என்பதற்குப் பறித்தல் உதவாது. வாயிலுள்ளதினும் நல்லதொன்றைக் காட்டினால் தானே விடும். வீட்டினுள் சிறுநீர் கழித்தலைப் பற்றி மிகுதியாகக் கூறுவதற்கில்லை: உறங்கி எழுந்தவுடன், உண்டவுடன், விளையாடி ஓய்ந்தவுடன் ஒரே இடத்திற்கு எடுத்துச்சென்று, கழித்தவுடன் பரிசளிக்க. தவறியதில் மூக்கைத் தேய்த்தல் நம் நாட்டுப் பெருவழக்கு. அதனாற் குருளை கற்பது நாம் காணாத மூலையைத் தேடுவதொன்றே.

விடுமுறை கழிந்து யாம் விடுதிக்குத் திரும்பும் நாளில், பெட்டியோடு வாயிலில் நின்றிருந்தோம். கதவு திறந்திருந்தமையால் கறுப்பன் நழுவிச் சாலையின் மறுபுறம் ஓர் ஆட்டின் பின்னே போய்விட்டான். வளைவில் லாரியின் ஒலி கேட்டது. மணி நின்ற இடத்திற்கும் இதற்கும் பத்தடியே வேறுபாடு. இம்முறை யாம் ‘வா’ என்னவில்லை, “கறுப்பா, நில்!” என்றோம். நின்றான். லாரி கடந்து புழுதி அடங்கியபின் “வா” என்றோம். ஒரே ஓட்டமாக வந்து காலடியில் உட்கார்ந்து எம் கையைப் பார்த்தான். பயணத்திற்கு ஆச்சி பொதிந்து தந்த அவித்த முட்டை இரண்டும் அவனுக்கே சென்றன.

தம்பி இப்பொழுதும் தொலைபேசியில் செய்தி சொல்லுகின்றான். சுவரிலுள்ள தாளைத் தந்தையாரும் மாமாவும் மீறுவதில்லையாம். ஆச்சி மட்டும் “வா ராசா, எஞ்செல்லம்” என்றே அழைக்கின்றாராம். அதற்கும் கறுப்பன் தவறாது செல்லுகின்றானாம். ஆச்சியின் மடியில் எஞ்ஞான்றும் ஏதேனும் தின்பண்டம் இருக்கின்றதாம்.