சாமி படம் மங்கக் கூடாது: இணையத்துப் படத்தை அச்சுக்குத் தயாராக்கும் பாடம்



நம்ம இளைஞர் பிரிவுக்கு வரும் வேலைகளில் பாதி அச்சு வேலைதான். தைப்பூசத்துக்குத் தண்ணீர்ப் பந்தல் பேனர், திருவிழா அழைப்பிதழ், தேவாரப் போட்டிச் சான்றிதழ், கும்பாபிஷேக மலர் என்று வரிசையாக வரும். "தம்பி, நீங்கதானே கம்ப்யூட்டர் தெரிஞ்சவங்க, நல்ல சாமி படமா போட்டு ரெடி பண்ணிடுங்க" என்று கோயில் தலைவர் சொல்லிவிட்டுப் போய்விடுவார். கூகுளில் முதலில் வந்த படம் ஒட்டப்படும். போனில் பளிச்சென்று இருந்தது, அச்சில் கட்டம் கட்டமாக, நிறம் செத்துப்போய் வரும்.

இதில் என்ன பெரிய விஷயம் என்று கேட்கலாம். தோட்டத்து லயத்து வீடுகளில் காலண்டர் படத்துக்குச் சட்டம் போட்டு, அதற்கு விளக்கேற்றிக் கும்பிட்டு வளர்ந்த குடும்பங்கள் நம்முடையவை. ராஜா ரவி வர்மா 1894இல் பம்பாயில் அச்சகம் தொடங்கியபோது லட்சுமியும் சரஸ்வதியும் சாதாரண வீட்டுச் சுவருக்கு வந்தார்கள். ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனிக் கல்லில் மை பூசி, ஒரே தாளைத் திரும்பத் திரும்ப அழுத்தி எடுத்த படங்கள் அவை. இன்று நம் மலரின் அட்டையையும் ஒரு பாட்டி கத்தரித்துச் சாமி மேடையில் ஒட்டக்கூடும். கும்பிடப்போகும் படம் என்று நினைத்து வேலை செய்யுங்க. ஐந்து படிகள்தான்.

1. யாருடைய படம் என்று பாருங்க

கூகுள் ஒரு தேடுபொறி. அதில் தெரியும் படத்துக்குச் சொந்தக்காரர் வேறு ஒருவர். நம் நாட்டில் 1987ஆம் ஆண்டு காப்புரிமைச் சட்டம் இருக்கிறது. ஓவியரின் வாழ்நாள் முழுதும், அவர் இறந்தபின் 50 ஆண்டுகளும் ஓவியத்துக்குப் பாதுகாப்பு உண்டு. கோயில் வேலை, லாபம் இல்லை என்பதற்காக அது மறைந்துவிடாது. வாட்டர்மார்க்கை அழித்துப் பயன்படுத்துவது திருட்டு. தருமம் பேசும் மலருக்கு அது அழகில்லை.

நல்ல வழிகள் உண்டு. விளக்கு, தாமரை, கோபுரம் போன்ற படங்களை அன்ஸ்பிளாஷ், பெக்ஸெல்ஸ், பிக்சபே தளங்களில் இலவசமாக எடுக்கலாம். விக்கிமீடியா காமன்ஸில் ஒவ்வொரு படத்தின் கீழும் உரிமம் எழுதியிருக்கும். 'சிசி பை' என்றிருந்தால் எடுத்தவர் பெயரையும் உரிமத்தையும் மலரில் போடணும். ரவி வர்மா 1906இல் மறைந்தார். அவருடைய ஓவியங்கள் இப்போது பொதுச்சொத்து. ஆனால் அதே பாணியில் போன வருஷம் ஒருவர் வரைந்தது பொதுச்சொத்து ஆகாது.

காசு கொடுத்து வாங்கும் ஸ்டாக் படத்தில் 'எடிட்டோரியல் மட்டும்' என்றிருந்தால், அதை விளம்பரத்துக்குப் பயன்படுத்த முடியாது.

2. பிக்சலை எண்ணுங்க

கையில் பிடித்து வாசிக்கும் மலருக்கு ஓர் அங்குலத்துக்கு 300 பிக்சல் என்பது அச்சகங்களின் வழக்கம். நம் கண் ஏறக்குறைய ஒரு பாகையில் 60இல் ஒரு பங்கு வரைதான் பிரித்துப் பார்க்கும். 30 செ.மீ. தூரத்தில் இதைக் கணக்குப் போட்டால் அங்குலத்துக்குச் சுமார் 290 புள்ளி வரும். 300 என்ற எண் இதோடு ஒத்துப்போகிறது.

ஏ4 அட்டை 210 × 297 மி.மீ. அதற்கு 2480 × 3508 பிக்சல் வேண்டும். வெட்டும்போது வெள்ளைக் கோடு விழாமல் இருக்க நான்கு பக்கமும் 3 மி.மீ. கூடுதலாக விடணும். இதை அச்சகத்தில் 'பிளீட்' என்பார்கள். அதையும் சேர்த்தால் 2551 × 3579. 1200 பிக்சல் அகலப் படம் கிடைத்தால் 4 அங்குலம், அதாவது 10 செ.மீ. அகலத்துக்குத்தான் தாங்கும். அதை உள்பக்கத்தில் சிறிதாகப் போடுங்க.

பேனர் கணக்கு வேறு. 3 மீட்டர் தள்ளி நின்று பார்த்தால் அங்குலத்துக்கு 30 பிக்சலே போதும். 10 அடி பேனருக்கு 3600 பிக்சல். ஏ4 அட்டையின் உயரத்துக்கு வேண்டியதும் கிட்டத்தட்ட அவ்வளவுதான்! ஆனால் குனோங் சீரோ கல்லுமலைக் கோயிலுக்குப் போகும் கூட்டம் பந்தலுக்குப் பக்கத்திலேயே நின்று மோர் குடிக்கும். அதனால் 60 முதல் 100 வரை வைப்பது நல்லது.

சின்னப் படத்தின் எண்ணை மட்டும் 300 என்று மாற்றினால் தெளிவு கூடாது. ஏ.ஐ. கொண்டு பெரிதாக்கினால் அது இல்லாத விவரத்தை ஊகித்து வரையும். கண், விரல், ஆபரணம் எல்லாம் மாறலாம்.

3. நிறம் மாறும், தயாராக இருங்க

போன் திரை சிவப்பு, பச்சை, நீல ஒளியால் நிறம் காட்டுகிறது. அச்சு இயந்திரம் சியான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு ஆகிய நான்கு மைகளால் நிறம் செய்கிறது. திரையில் மின்னும் எல்லா நிறத்தையும் மையால் கொடுக்க முடியாது. பளிச்சென்ற காவி மங்கும். வாழையிலைப் பச்சை அடங்கிப்போகும். கண்ணனின் நீலம் ஊதா பக்கம் சாயும்.

நீங்களாக சி.எம்.ஒய்.கே. ஆக மாற்றுவதற்கு முன் அச்சகத்தில் மூன்று கேள்வி கேளுங்க. எந்தத் தாள்? எந்த நிற புரொஃபைல்? மாற்றித் தரணுமா, நீங்களே மாற்றிக்கொள்வீர்களா? கிம்ப், ஸ்கிரைபஸ் இரண்டும் இலவச மென்பொருள்கள். அச்சில் நிறம் எப்படித் தெரியும் என்று அவற்றில் முன்கூட்டியே பார்க்கலாம். பளபளப்பில்லாத தாளில் மை ஊறும், இருட்டுப் பகுதி இன்னும் கறுக்கும். கர்ப்பக்கிரகப் படம் என்றால் நிழலைக் கொஞ்சம் தூக்கிவிடுங்க. முழுக்க அச்சடிக்கும் முன் ஒரு மாதிரித் தாள் கேட்டு வாங்கி, பகல் வெளிச்சத்தில் பாருங்க.

4. இடம் வலம் மாற்றாதீங்க

எழுத்துக்கு இடம் வேண்டும் என்று படத்தைக் கண்ணாடியில் தெரிவதுபோல் திருப்பும் பழக்கம் வடிவமைப்பாளர்களிடம் உண்டு. பூவுக்குச் சரி. சாமி படத்துக்குக் கூடாது. இடம்புரிப் பிள்ளையார் வலம்புரி ஆகிவிடுவார். இடது திருவடியைத் தூக்கி ஆடும் தில்லைக் கூத்தன், மதுரை வெள்ளியம்பலத்தில் கால் மாற்றி ஆடியவராகிவிடுவார். அர்த்தநாரீசுவரரில் அம்பாள் வலப்பக்கம் போய்விடுவாள். சரஸ்வதி இடது கையால் வீணை மீட்டுவாள்.

ஸ்டாக் தளங்களில் இப்போது ஏ.ஐ. படங்களும் கலந்திருக்கின்றன. ஆறுமுகனுக்கு 12 கை இருக்கிறதா, வேல் முறையான வடிவில் இருக்கிறதா, விரல்கள் ஐந்தா என்று எண்ணுங்க. சந்தேகமாக இருந்தால் குருக்களிடம் காட்டிக் கேளுங்க. அவருக்கு ஒரு நிமிஷ வேலை.

5. கோப்பைக் கெடுக்காமல் அனுப்புங்க

வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது அளவைச் சுருக்கிவிடும். 'டாக்குமென்ட்' ஆக அனுப்புங்க, அல்லது கூகுள் டிரைவ் இணைப்பு கொடுங்க. ஜேபெக் கோப்பைத் திருத்தித் திருத்திச் சேமித்தால் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் விவரம் போகும். வேலை முடியும் வரை டிஃப் கோப்பாக வைத்திருந்து, கடைசியில் பி.டி.எஃப். எடுங்க. தமிழ் எழுத்துருவை அதில் உட்பொதிக்க மறக்காதீங்க, இல்லையென்றால் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும்.

ஸ்டாக் தளத்தில் கிடைக்காத சாமி

எவ்வளவு தேடினாலும் உங்க தோட்டத்து மாரியம்மனோ, செம்பனை வரிசைக்கு நடுவில் நிற்கும் முனீஸ்வரரோ அந்தத் தளங்களில் இருக்கமாட்டார்கள். அதற்காக வேறு ஊர் அம்மன் படத்தைப் போட்டு நம்ம கோயில் பெயரை எழுதுவது முறையல்ல. நிர்வாகத்திடமும் குருக்களிடமும் அனுமதி கேட்டு நீங்களே எடுங்க. மூலவரைப் படம் எடுக்கக் கூடாது என்றால் உற்சவரையோ கோபுரத்தையோ எடுங்க. லயத்து வீட்டுப் பழைய திருவிழாப் படம் இருந்தால் போனில் கிளிக் பண்ணாமல் ஸ்கேனரில் 600 வைத்து எடுங்க. இரண்டு மடங்கு பெரிதாக அச்சடிக்கலாம். பல தோட்டங்களில் லயம் இப்போது இல்லை. படத்தில் இருப்பவர்களின் பெயர் சொல்லக்கூடிய பெரியவர்கள் இருக்கும்போதே, ஆண்டையும் இடத்தையும் கேட்டு எழுதிவைங்க.

பயிற்சி

1. உங்க கோயிலின் கடைசி மலரை எடுங்க. அட்டைப் படம் யாருடையது என்று அதில் எங்காவது எழுதியிருக்கிறதா?
2. 1600 × 2000 பிக்சல் படம் ஒன்று இருக்கிறது. 300 கணக்கில் எவ்வளவு பெரிதாக அச்சடிக்கலாம்? ஏ5 அட்டைக்கு (148 × 210 மி.மீ.) போதுமா?
3. வீட்டில் உள்ள பழைய கோயில் படம் ஒன்றை ஸ்கேன் செய்து, விவரத்தோடு அடுத்த வகுப்புக்குக் கொண்டுவாங்க.