உலை மூட்டிய அருங்காட்சியகம்



தம்பி, பழம்பொருளைச் சேர்த்துப் பாதுகாத்தால் போதாதா, ஓவிய வகுப்பும் களிமண் பட்டறையும் அருங்காட்சியகத்துக்கு எதற்கு என்று கேட்டிருந்தாய். நன்றாகப் படித்தவர்களே இப்படிக் கேட்பதால்தான் எனக்கு எரிச்சல். கை பழகிய பிறகே கண் முழுதாகப் பார்க்கிறது என்பது என் கட்சி. அதற்கு என் சாட்சி, அமெரிக்காவில் ஓஹையோ மாநிலத்து டொலிடோ கலை அருங்காட்சியகம்.

டொலிடோ கண்ணாடித் தொழில் ஊர். 1888இல் தன் ஆலையை அங்கே கொண்டுவந்த எட்வர்ட் லிபிதான் 1901இல் அருங்காட்சியகம் தோன்றவும் முன்நின்றார். ரோமானியர் காலத்துக் கண்ணாடிக் கலங்களெல்லாம் அங்கே உண்டு. ஆனாலும் அன்றைய அமெரிக்காவில் கண்ணாடி என்றால் ஆலை வேலை: ஒருவர் வரைந்து கொடுப்பார், பெரிய உலையின் முன் தொழிலாளர் குழு ஊதும். 1962 மார்ச்சில் ஹார்வி லிட்டில்டன் என்ற மட்பாண்ட ஆசிரியர், அருங்காட்சியக இயக்குநர் ஓட்டோ விட்மன் ஒதுக்கித் தந்த வளாகத்துக் கார் கொட்டகையில் சிறிய உலை மூட்டிப் பட்டறை நடத்தினார். முதல் உருக்கு சரிவரவில்லை. கண்ணாடி இழை ஆராய்ச்சியாளர் டொமினிக் லபினோ, இழை இழுப்பதற்கென்று செய்த கோலிகளைக் கொடுத்து உருக்கச் சொன்னார். ஊதும் பதம் கிடைத்தது. லிபி ஆலையில் ஓய்வுபெற்ற ஹார்வி லீஃப்கிரீன் வந்து ஊதிக் காட்டினார். ஜூனில் மறுபடியும் பட்டறை. அதே ஆண்டு லிட்டில்டன் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் கண்ணாடி கற்பிக்கத் தொடங்கினார். கண்ணாடிக் கலைஞர் டேல் சிஹூலி பின்னாளில் அவரிடம் படித்தவர். கலைஞர் தன் கையாலேயே ஊதும் ஸ்டுடியோ கண்ணாடி இயக்கத்துக்கு அமெரிக்காவில் இந்தக் கொட்டகைதான் பிறந்த வீடு.

அந்தப் பட்டறைக்கு வந்தவர்கள் தேர்ந்த கைகள், சிறுவர் வகுப்போடு அதை ஒப்பிடலாமா என்பாய். நியாயம்தான். எல்லா வகுப்பிலும் இயக்கம் பிறக்காது, பிறக்கவும் வேண்டாம். நான் கேட்பது சிறியது. உருகிய கண்ணாடியைக் குழலில் உருட்டிக்கொண்டே இராவிட்டால் தொய்ந்துவிடும். அதை அருகிலிருந்து பார்த்த சிறுவன் ரோமானியக் குப்பியின் முன் நின்றால், மேலே சுற்றிய இழையை எத்தனை விரைவில் இட்டிருப்பார்கள் என்று யோசிப்பான். அடியில் கம்பி ஒட்டி முறிந்த தழும்பைத் தேடுவான். பெயர்ப்பலகை இதைச் சொல்லாது. நம் ஊர்ப் பலகைகள் நூற்றாண்டையும் கிடைத்த இடத்தையும் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்பவை. அது தனிக் கடிதத்துக்கான கோபம்.

பட்டறைக்கான பணத்தைப் பாதுகாப்புக்குச் செலவிடலாமே என்ற வாதமும் உண்டு. அதற்கு, 1909இல் அமெரிக்காவின் நெவார்க் அருங்காட்சியகத்தை நிறுவிய நூலகர் ஜான் காட்டன் டேனாவைப் படி. பெரிய கடைகளிடம் அருங்காட்சியகங்கள் பாடம் கற்க வேண்டும் என்று கடிந்தவர். அவரை முழுதும் ஏற்கமாட்டேன்: விற்றதோடு கடைக்காரன் பொறுப்பு முடிந்தது, பொருளைக் காப்பவனுக்கு முடிவதில்லை. ஆனால் எதற்காகக் காக்கிறோம் என்று ஊருக்குத் தெரியாவிட்டால், காக்கக் காசு கேட்கும்போது ஊர் ஏன் தர வேண்டும்?

ஒன்றில் மட்டும் எதிராளிகளோடு நான் உடன்படுகிறேன். காகிதமும் பசையும் கொடுத்து, பேழைப் பக்கமே திருப்பாமல் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பும் வகுப்புக்கு அருங்காட்சியகம் தேவையில்லை, பள்ளிக்கூடம் போதும். நீ அனுப்பிய அட்டவணையில் மூன்று வகுப்புகள் அந்த ரகம். அவற்றை அடித்துவிட்டு, முதலில் ஒரே கலத்தின் முன் அரைமணி, பிறகு பட்டறை, மறுபடி அதே கலம் என்று மாற்றி எழுதி அனுப்பு.