காயம் ஆறிய பிறகு

கணவனிடம் அடிபட்டு ஒரு பெண் வைத்தியசாலைக்கு வந்தால், முதல் நாள் எல்லாரும் இருப்பார்கள்: வைத்தியர், தாதி, பொலிஸ், பக்கத்து லயத்துப் பெண்கள். தையல் பிரித்து அவள் வீடு திரும்பியதும் எல்லாரும் கலைந்துவிடுவார்கள். ரிவர்ஸ்டன் பாதையோரத் தோட்டங்களில் இப்படிப்பட்ட பெண்களோடு பழகியதில் நான் கண்டுகொண்டது, துணை அதிகம் தேவைப்படுவது அதற்குப் பிறகுதான் என்பதை.

ஒரு தாய்க்குக் காற்றுக் காலம் வந்தாலே தூக்கம் போய்விடும். கூரைத் தகரம் படபடத்தால், கணவன் கதவை உதைத்த சத்தம்தான் அவள் காதில் விழும். நெஞ்சு அடித்துக்கொள்ளும், உடம்பு வியர்க்கும். பேய் பிடித்திருக்கிறது என்றார்கள் உறவினர்கள். பயந்த உடம்பு இன்னும் காவல் காக்கிறது என்று விளக்கியதும் அவள் முகம் தெளிந்தது. முதலில் தகரத்துக்கு ஆணி அடிக்க ஏற்பாடு செய்தோம். விழித்தால் விளக்கைப் போட்டு, பாதங்களைத் தரையில் ஊன்றி, மூச்சை மெல்ல வெளியே விடப் பழகினாள்.

அடுத்த சந்திப்பை முதல் சந்திப்பிலேயே முடிவுசெய்துவிட வேண்டும். ரிவர்ஸ்டனிலிருந்து மாத்தளை நகரம் சுமார் 30 கிலோமீற்றர். அங்குள்ள வைத்தியசாலைக்குப் போய்வந்தால் ஒரு நாள் சம்பளம் போய்விடும். பிள்ளையின் கிளினிக் நாளோடு சேர்த்துக் குறித்தால் வருகிறார்கள், வீட்டிலும் கேள்வி எழாது. பல அரச வைத்தியசாலைகளில் சுகாதார அமைச்சு நடத்தும் ‘நட்பு நிலையம்’ வன்முறைக்குள்ளான பெண்களுக்காகவே இருக்கிறது. சிங்களத்தில் அதை ‘மித்துரு பியச’ என்பார்கள்.

தொலைபேசி யார் கையில் இருக்கும், எந்த நேரத்தில் அழைக்கலாம் என்று அவளிடமே கேட்டுக்கொள்ளுங்கள். வேறு யாராவது எடுத்தால் என்ன சொல்வது என்பதையும் முன்பே பேசிவைக்க வேண்டும்.

நடந்ததைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைக்காதீர்கள். தூக்கம், சாப்பாடு, வேலை, பிள்ளைகள் பற்றிக் கேட்டாலே போதும். சொல்ல நினைப்பதை அவளே சொல்வாள். தமிழ் தெரிந்த ஆலோசகர் இல்லையென்றால் மொழிபெயர்க்கப் பிள்ளையை உட்காரவைக்கவே கூடாது.

சாக வேண்டும் என்று தோன்றுகிறதா என்பதை நேரடியாகக் கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் வராது. தோட்டத்து வீடுகளில் பூச்சிமருந்து கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் என்பதால் இந்தக் கேள்வியைத் தள்ளிப்போட முடியாது. ஆம் என்றால் அன்றே வைத்தியரிடம் கூட்டிப் போக வேண்டும். மூன்று மாதமாகியும் கொடுங்கனவும் திடுக்கிடலும் குறையாவிட்டால் மனநல வைத்தியரைப் பார்ப்பது நல்லது.

2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நீதவான் தரும் பாதுகாப்புக் கட்டளை அதிகபட்சம் 12 மாதம்தான். வழக்குத் தவணை நெருங்கும்போதும் கட்டளை முடியும் தறுவாயிலும் பழைய பயம் திரும்பும். அந்த வாரங்களை நாட்காட்டியில் குறித்துவைத்து நாமே போய்ப் பார்க்க வேண்டும்.

துணையோடு வாழ்ந்த பெண்களில் ஐவரில் ஒருவர் அந்தத் துணையிடமே உடல் அல்லது பாலியல் வன்முறையை அனுபவித்திருப்பதாக இலங்கையின் 2019ஆம் ஆண்டுத் தேசிய ஆய்வு காட்டியது. அப்படியானால் எந்த லயத்திலும் ஒருத்தியாவது இருக்கக்கூடும். பெண்கள் உதவிக்கு 1938, மனநல உதவிக்கு 1926. இரண்டு இலக்கங்களையும் கொழுந்து நிறுக்கும் இடத்திலும் பிள்ளைக் காம்பராவிலும் தமிழில் எழுதி ஒட்டச் சொல்லித் தோட்ட நிர்வாகத்தைக் கேளுங்கள்.