கம்பியில்லா வலையும் கடைப் பூட்டும்



இரவு கடையைச் சாத்தியபின் பூட்டை ஒருமுறைக்கு இருமுறை இழுத்துப் பார்த்துவிட்டுப் புறப்படுவது நம்மவர் வழக்கம். ஆனால், நம் கடைகளுக்கு இப்பொழுது இன்னொரு வாசலும் உண்டு. அது கண்ணுக்குத் தெரியாது. சுவரையும் கடந்து தெரு வரை செல்லும். வைஃபை என்னும் கம்பியில்லா வலையே அவ்வாசல். பெரிய உணவுக்கடைகள் வாடிக்கையாளருக்கு வைஃபை வசதி அளிக்க வேண்டுமென்று கோலாலம்பூர் மாநகர மன்றம் 2012-இல் அறிவித்தது. இன்று பிரிக்ஃபீல்ட்ஸிலும், மஸ்ஜித் இந்தியாவிலும், கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானாவிலும் சிறு கடைகளில்கூட அது இருக்கிறது. அவ்வாசலின் பூட்டைப் பற்றி அறிஞர்கள் ஆராய்ந்து கண்டதை இந்தப் பாடத்தில் பார்ப்போம்.

காற்றில் போகும் செய்தி

கம்பி வழியே போகும் செய்தியைத் திருட வேண்டுமானால் கம்பியைத் தொட்டாக வேண்டும். காற்றில் போகும் செய்தியோ வானொலியைப் போன்றது. எல்லைக்குள் இருக்கும் எவரும் அதைப் பிடிக்கலாம். ஆகையால் அதைச் சங்கேதமாக மாற்றி அனுப்புகிறார்கள். கடவுச்சொல்லிலிருந்து ஒரு சாவி உண்டாகிறது. அச்சாவியுடன் ஒவ்வொரு செய்திக்கும் ஓர் எண்ணும் சேருகிறது.

இதனை நமது ரசீதுப் புத்தகத்தைக் கொண்டு விளங்கிக்கொள்ளலாம். ஒரே எண்ணில் இரண்டு ரசீது இருந்தால் கணக்குப் பார்ப்பவர் உடனே சந்தேகிப்பார். சங்கேதத்திலும் விதி அதுவே. ஒரு சாவியுடன் ஓர் எண்ணை ஒருமுறைக்கு மேல் உபயோகிக்கக் கூடாது. உபயோகித்தால், அவ்விரு செய்திகளையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டே உள்ளிருப்பதைப் பிரித்தெடுக்க வழி பிறந்துவிடும்.

முதற் பூட்டு

வைஃபையின் முதற் பூட்டுக்கு டபிள்யூ.இ.பி. என்று பெயர். அதன் ரசீதுப் புத்தகத்தில் இருந்த எண்கள் 1,67,77,216. பார்வைக்குப் பெரிய தொகைதான். ஆனால் செய்தி மிகுந்த வலையில் சில மணி நேரத்திலேயே அவை தீர்ந்து, பழைய எண்களே திரும்ப வந்துவிடும். 2001-இல் போரிசோவ், கோல்ட்பர்க், வாக்னர் என்னும் மூன்று ஆராய்ச்சியாளர்கள் இக்குறையை எடுத்துக்காட்டினார்கள். அதே ஆண்டில் ஃப்ளூரர், மான்டின், ஷமீர் என்னும் வேறு மூவர், போதிய செய்திகளைச் சேர்த்துக்கொண்டால் சாவியையே கண்டுபிடித்துவிடலாம் என்று நிரூபித்தார்கள். இதன் பயனாக 2003-இல் டபிள்யூ.பி.ஏ. என்ற புதிய பூட்டும், 2004-இல் அதனினும் உறுதியான டபிள்யூ.பி.ஏ.2-உம் வந்தன.

எச்சரிக்கையைக் கேட்டும் காலம் தாழ்த்தியவர் கதி என்ன? அமெரிக்காவில் மார்ஷல்ஸ் முதலிய பல கடைகளை நடத்தும் டி.ஜே.எக்ஸ். நிறுவனம் 2005-இலும் பழைய பூட்டையே வைத்திருந்தது. திருடர்கள் கடைக்கு வெளியே இருந்தவாறே அதன் வைஃபை வழியாக நுழைந்து, தலைமைக் கணினி வரை சென்றுவிட்டார்கள். குறைந்தது 4 கோடியே 57 லட்சம் வங்கி அட்டைகளின் எண்கள் களவு போனதாக 2007-இல் தெரியவந்தது. கும்பலின் தலைவனான ஆல்பர்ட் கொன்சாலஸ் 2010-இல் 20 ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்றான். இது பற்றி விசாரித்த கனடா நாட்டு அதிகாரிகள், வாடிக்கையாளர் விவரங்களை அந்நிறுவனம் தேவைக்கு மேல் வாங்கி, தேவைக்கு மேல் நாட்கள் வைத்திருந்ததையும் குற்றமாகச் சொன்னார்கள். வைத்திராத பொருளை எவன் திருட முடியும்?

இரண்டாம் பூட்டும் சோதனையும்

டபிள்யூ.பி.ஏ.2 பதின்மூன்று ஆண்டுகள் நல்ல பெயருடன் விளங்கியது. பெல்ஜியம் நாட்டு லூவன் சர்வகலாசாலையைச் சேர்ந்த மாத்தி வான்ஹூஃப் என்னும் கணினி விஞ்ஞானி, 2017-இல் அதிலும் ஒரு குறையைக் கண்டார். கைப்பேசியும் வைஃபை பெட்டியும் சேரும்போது தமக்குள் நான்கு செய்திகள் பரிமாறிக்கொள்கின்றன. அவற்றில் மூன்றாவதைத் திரும்பவும் அனுப்பினால், கருவி அதே சாவியை மறுபடி பொருத்திக்கொண்டு, எண்ணையும் முதலிலிருந்து ஆரம்பிக்கிறது. பழைய ரசீதுப் புத்தகக் கதைதான்! இதற்குக் கடவுச்சொல்லை மாற்றுவதால் பயனில்லை. கருவியைத் தயாரித்தவர் அனுப்பும் திருத்தத்தை ஏற்றுவதே மருந்து.

“பூட்டை உடைக்கும் வழியை ஊரறியச் சொல்லலாமா? திருடனுக்கல்லவா அது உதவும்?” என்று நம்மில் சிலர் கேட்கலாம். வான்ஹூஃப் முதலில் தயாரிப்பாளர்களுக்கே அறிவித்தார். அவர்கள் திருத்தம் செய்ய அவகாசம் கொடுத்து, அக்டோபர் 16-ஆம் தேதிதான் வெளியிட்டார். குறையைச் சொல்லாமல் மறைத்திருந்தால், பிற்காலத்தில் வேறொருவன் கண்டுபிடித்து ஓசையின்றிக் கொள்ளையிட்டிருப்பான். கலப்படத்தைக் கண்டு சொல்பவர் வியாபாரத்தின் பகைவர் அல்லர். நேர்மையான வியாபாரிக்கு அவரே துணை. 2018-இல் டபிள்யூ.பி.ஏ.3 என்ற பூட்டு வந்தது. அடுத்த ஆண்டே அதையும் சோதித்துச் சில குறைகளைக் காட்டியவர்களில் வான்ஹூஃபும் ஒருவர்.

நாம் செய்ய வேண்டியவை

வங்கிச் செயலிகளுக்குத் தனிச் சங்கேதம் உண்டு. ஆகவே, வைஃபை பூட்டு பழுதான மாத்திரத்தில் வங்கிப் பணம் போய்விடும் என்று பயப்பட வேண்டாம். கணக்குக் கணினி, கடன்காரர் பட்டியல், வேலையாட்களின் பாஸ்போர்ட் நகல், கண்காணிப்புக் கேமரா எல்லாம் வாடிக்கையாளர் உபயோகிக்கும் அதே வலையில் இருப்பதுதான் பெரிய அபாயம்.

1. தேநீர் குடிக்க வருபவருக்கு ஒரு வலை, கடைக் கணக்குக்கு வேறொரு வலை என்று பிரித்து வைத்தல். இப்பொழுது விற்கும் பெட்டிகள் பலவற்றில் இவ்வசதி உண்டு.

2. பெட்டியுடன் வந்த நிர்வாகக் கடவுச்சொல்லை முதல் நாளே மாற்றுதல். கடை வலையின் கடவுச்சொல்லை நீளமாக வைத்து, வேலையாள் விலகும்போது அதையும் மாற்றுதல்.

3. பூட்டு டபிள்யூ.பி.ஏ.2 அல்லது 3 தானா என்று பார்த்தல். பழையதாயின் தாமதியாது மாற்றுதல்.

4. கைப்பேசிக்கும் பெட்டிக்கும் வரும் திருத்தங்களை அவ்வப்போது ஏற்றுதல். திருத்தம் வருவது நின்றுபோன பெட்டியை, வேலை செய்கிறதே என்று வைத்திராமல் கழித்துவிடுதல்.

5. தேவையற்ற அடையாள அட்டை நகல்களையும் அட்டை எண்களையும் சேர்த்து வைக்காதிருத்தல்.

மலேசியாவின் 2010-ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும், வியாபாரத்துக்காகப் பிறர் விவரங்களை வாங்குவோர் அவற்றைக் காக்க வேண்டுமென்றே விதிக்கிறது. இணைய மோசடியில் பணம் போனதாகத் தெரிந்தால், அந்த நிமிடமே வங்கிக்கோ 997 என்ற எண்ணுக்கோ சொல்ல வேண்டும்.

சகோதரர்களே! பிறர் நம்மிடம் நம்பிக் கொடுத்த பொருள் அமானிதம் என்பதை நாம் அறிவோம். பிறர் தந்த பெயரும் எண்ணும் கணக்கும் அவ்வகையைச் சேர்ந்தனவே. கல்லாவில் உள்ளது நம் பணம். அது போனால் நமக்கு மட்டும் நஷ்டம். கணினியில் உள்ளது நம்மை நம்பியவர்களின் பொருள். இன்றிரவு கடைப் பூட்டை இழுத்துப் பார்க்கும்போது, அந்த இன்னொரு வாசலின் பூட்டு எந்த ஆண்டினது என்பதையும் விசாரித்துக்கொள்வோமாக.