நம்ம ஊருக்கு ஆகாத கார்டுக்கு எதற்கு ஆண்டுக் கட்டணம்?

கிரெடிட் கார்டுக்கு வருஷா வருஷம் கட்டணம் வாங்குவதே அநியாயம் என்று நான் சொல்ல மாட்டேன். என் கோபம் வேறு. சென்னையிலும் பெங்களூரிலும் வாழ்கிறவர்களை மனதில் வைத்துச் செய்த கார்டை நாகர்கோவில்காரர் தலையில் கட்டி, அதே விலையை வாங்குகிறார்களே, அதுதான் பொறுக்கவில்லை.

வடசேரியில் உட்கார்ந்து வருமான வரிக் கணக்கு பார்த்துக் கொடுக்கிறேன். ஜூலை வந்தால் ஸ்டேட்மென்டுகளோடு ஆட்கள் வருவார்கள். புரட்டும்போது 589, 1,180, 2,950 என்று எங்கோ ஒரு வரி கண்ணில் படும். 499, 1,000, 2,500 ரூபாய் கட்டணமும் அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டியும் சேர்ந்த தொகை அது. எதற்குப் பிடித்தார்கள் என்று கேட்டால் பலருக்கும் பதில் தெரியாது.

கார்டு விற்கிறவர்கள் முதலில் எடுத்துவிடுவது ஏர்போர்ட் லவுஞ்சைத்தான். நமக்கு விமானம் ஏற வேண்டுமென்றால் திருவனந்தபுரம் போக வேண்டும், இல்லையென்றால் தூத்துக்குடி. வளைகுடாவிலிருந்து வந்துபோகிற பிள்ளைகளுக்கு அது உதவலாம். சென்னைக்குக் கன்னியாகுமரி எக்ஸ்பிரஸில் போய்வருகிறவருக்கு அதில் என்ன இருக்கிறது? இப்போது பல வங்கிகள், முந்தின மூன்று மாதத்தில் இவ்வளவு செலவு செய்திருந்தால்தான் லவுஞ்சு என்றும் நிபந்தனை போட்டுவிட்டன.

என் மைனி ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. டெபாசிட்டைப் புதுப்பிக்கப் போன இடத்தில் ஒரு தனியார் வங்கியில் கார்டு கொடுத்தார்கள். "லைஃப்டைம் ஃப்ரீ மேடம், லவுஞ்சு எல்லாம் உண்டு" என்றானாம் அந்தப் பையன். "நா எங்க மக்கா பிளேன்ல போறேன்?" என்று இவர் கேட்டிருக்கிறார். இருந்தாலும் ஃப்ரீதானே என்று கையெழுத்துப் போட்டுவிட்டார். இரண்டாம் வருஷம் 589 ரூபாய் பிடித்தார்கள். முதல் வருஷம் மட்டும்தான் இலவசம் என்று விண்ணப்பத்தில் பொடி எழுத்தில் இருந்தது. அந்தப் பையன் வாயால் சொன்னதற்கு எழுத்தில் ஒன்றுமில்லை.

அதனால் கார்டு வாங்கும்போது நான் எல்லோருக்கும் சொல்வது இது: முக்கிய விவரங்கள் அடங்கிய ஒரு பக்கத் தாளை விண்ணப்பத்தோடு தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அதில் "ஆண்டுக் கட்டணம்" என்ற வரிக்கு நேரே பூஜ்யம் இருக்கிறதா, முதல் வருஷத்துக்கு மட்டுமா என்று பார்த்துவிட்டுத்தான் பேனாவைத் திறக்க வேண்டும்.

கட்டணம் கட்டுவதில் லாபம் உண்டா என்று கணக்குப் போடும்போது பலரும் ஒன்றை விட்டுவிடுகிறார்கள். ஒப்பிட வேண்டியது கட்டணமே இல்லாத இன்னொரு கார்டோடு. உதாரணத்துக்கு, 1,180 ரூபாய் கார்டு ஆன்லைனில் 5 சதவீதம் திருப்பித் தருகிறது, இலவசக் கார்டு 1 சதவீதம் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 4 சதவீதம்தான். வருஷத்துக்கு 29,500 ரூபாய்க்கு ஆன்லைனில் வாங்கினால் கட்டணம் ஈடாகும், அதற்கு மேல் வாங்குவதில்தான் லாபம்.

ஆனால் நம்ம ஊர்ச் செலவு எங்கே நடக்கிறது? கோட்டாறு கம்போளத்தில் அரிசி, பருப்பு, வத்தல் வாங்குகிறவர் கார்டைத் தேய்ப்பதில்லை. ரூபே கிரெடிட் கார்டை யுபிஐயோடு இணைத்துக்கொள்ளலாம் என்று 2022 செப்டம்பரில் வந்தது நல்ல வசதி. ஆனால் கடைக்காரர் தன் சொந்தக் கணக்கின் க்யூஆரை ஒட்டி வைத்திருந்தால் அதில் கிரெடிட் கார்டு எடுக்காது, வியாபாரக் கணக்காக இருக்க வேண்டும். பெரிய தொகைக்குப் போனால் "கார்டுன்னா ரெண்டு பர்சன்ட் கூட ஆகும் அண்ணாச்சி" என்று சொல்கிற கடைகள் உண்டு. ஒரு சதவீதப் புள்ளிக்காக இரண்டு சதவீதம் கூடுதலாகக் கொடுப்பதில் என்ன லாபம்?

கட்டணம் பொருந்துகிற ஆளும் இருக்கிறார். என் அக்கா மகன் மருந்துக் கம்பெனிப் பிரதிநிதி. மார்த்தாண்டம், குலசேகரம், வள்ளியூர் என்று பைக்கிலேயே பொழுது போகும். மாதம் 3,000 ரூபாய்க்குப் பெட்ரோல். 499 ரூபாய் பெட்ரோல் கார்டில் 4 சதவீதம் அளவுக்குத் திரும்பக் கிடைத்தால் வருஷத்துக்கு 1,440 ரூபாய். அவனிடம் யோசிக்காமல் கட்டச் சொன்னேன்.

"இரண்டு லட்சம் செலவு செய்தால் கட்டணம் தள்ளுபடி" என்பதில் கவனம் வேண்டும். 1,70,000 வரை வந்துவிட்டோம் என்று, தேவையில்லாத 30,000 ரூபாய் டிவியை வாங்கி 1,180 ரூபாயை மிச்சப்படுத்துகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். எப்படியும் கட்ட வேண்டிய இன்சூரன்ஸ் பிரீமியம், பள்ளிக் கட்டணம் போன்றவற்றை அந்தக் கார்டுக்கு மாற்றித் தொகை எட்டினால் சரி. வாடகையும் வாலட்டில் போடும் பணமும் பல கார்டுகளில் இந்தக் கணக்கில் சேராது.

மாதக் கடைசியில் முழுத் தொகையையும் கட்ட முடியாதவருக்கு இந்த ஆராய்ச்சியே வேண்டாம். மாத வட்டி 3.5 சதவீதம் என்றால் 20,000 ரூபாய் பாக்கிக்கு ஒரு மாத வட்டியே 700 ரூபாய், மைனியிடம் வருஷத்துக்குப் பிடித்ததை விட அதிகம். 30 சதவீதத்துக்கு மேல் ஆண்டு வட்டி வாங்குவது முறையற்றது என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-இல் சொன்னதையும் 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது.

மைனியின் கார்டுக்கு வருவோம். வாடிக்கையாளர் சேவைக்குப் பேசினோம். கட்டணத்தைத் திருப்ப மறுத்து, பதிலுக்குப் புள்ளிகள் தருவதாகச் சொன்னார்கள். "புள்ளிய வச்சி நா என்ன செய்ய? மூடிருங்க" என்றார் மைனி. பாக்கி இருந்தால் கணக்கை மூட மாட்டார்கள் என்பதால் 589 ரூபாயைக் கட்டிவிட்டு, மூடச் சொல்லி மின்னஞ்சலும் அனுப்பினோம். பாக்கி இல்லாத கார்டை ஏழு வேலை நாட்களுக்குள் மூட வேண்டும், தாமதமானால் நாளுக்கு 500 ரூபாய் வங்கி தர வேண்டும் என்பது 2022-இல் ரிசர்வ் வங்கி கொண்டுவந்த விதி. அதை மின்னஞ்சலிலேயே குறிப்பிட்டோம். அடுத்த வாரம் மூடிவிட்டார்கள். இப்படி மூடுகிறவர்கள் சேர்ந்த புள்ளிகளை முதலில் எடுத்துக்கொண்டு, பாக்கி இல்லை என்ற கடிதத்தையும் கேட்டு வாங்க வேண்டும். இரண்டு மாதம் கழித்து சிபில் அறிக்கையைப் பார்த்தால் கணக்கு மூடப்பட்டதாகக் காட்ட வேண்டும். அந்த அறிக்கை வருஷத்துக்கு ஒருமுறை இலவசமாகவே கிடைக்கும்.